இரண்டாம் எண் கிளாஸ்

அண்ணன் பீர் காய்ச்சுவான், அண்ணி விற்பாள், தங்கை ருசி பார்த்துச் சொல்வாள். பதினோரு வருடமாக அந்தச் சின்ன ஆலை இப்படித்தான் ஓடியது. தங்கையை எல்லோரும் 'நாக்கு' என்றே கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வரும் சனிக்கிழமை விருந்தினர் முப்பது பேருக்கு ஸ்டவுட் என்ற பீர் வகையின் கதையை மூன்று கிளாஸில் சொல்லிவிட வேண்டும் என்பது அண்ணியின் ஏற்பாடு. ஒன்று, பழைய குறிப்பேடு ஒன்றைப் பார்த்து அண்ணன் காய்ச்சியது. ஸ்டவுட் என்றாலே வலுவான பீர் என்று மட்டும் அர்த்தமாயிருந்த காலத்து முறை அது. மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, கரியாக வறுக்கும் வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை. அடுத்தது அவர்கள் அன்றாடம் விற்கும், காப்பிக் கசப்புள்ள கறுப்பு ஸ்டவுட். மூன்றாவது, பால் சர்க்கரை சேர்த்த இனிப்பு வகை. ஒவ்வொன்றுக்கும் அதன் ருசியை விவரித்து நாக்கு ஓர் அட்டை எழுத வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தாள். எது எதுவென்று சொல்லாமல், எண் மட்டும் ஒட்டிய, உள்ளே நிறம் தெரியாத மூன்று கறுப்புக் கிளாஸ்களை அண்ணி வைத்தாள். விடை எழுதிய சீட்டு அண்ணியின் சட்டைப் பையில் இருந்தது.

மூன்றாம் எண்ணை முகர்ந்ததுமே இனிப்பு வகை என்று தெரிந்துவிட்டது. இரண்டாம் எண்ணில் புளிப்பு, ஈர மர வாசனை, தொண்டையில் இறங்கும்போது அழுகத் தொடங்கிய பழத்தின் சாயல். வருடக்கணக்கில் மரப் பீப்பாயில் கிடந்த பழைய ஸ்டவுட் புளிக்கும் என்று அவள் படித்திருந்தாள். அப்படியானால் இதுதான் பழைய முறை, முதலாவது நம்முடைய அன்றாட ஸ்டவுட். புகை கொஞ்சம் தூக்கல். அண்ணன் இந்தத் தடவை மால்ட்டைத் தீய்த்துவிட்டான் போலும்.

சீட்டைப் பிரித்த அண்ணி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"மாத்திச் சொல்லிட்டே நாக்கு. ரெண்டுதான் நம்மளது."

இடம் மாற்றி அண்ணி இன்னொரு தடவை வைத்தாள். மறுபடியும் அதே விடை. போன மாதம் பிடித்த ஜலதோஷம் மூக்கைக் கெடுத்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். கண்ணாடியில் நாக்கை நீட்டிக்கூடப் பார்த்துக்கொண்டாள். அண்ணிக்கோ, எண்ணை ஒட்டும்போது தானே குளறிவிட்டோமோ என்று சந்தேகம். அண்ணனை அழைத்தார்கள். அவன் இரண்டாம் எண்ணை ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஆனா நான் காய்ச்சினது இல்ல."

காய்ச்சுகிறவன் ஒருவன்தான். பின்னே யார் காய்ச்சியது?

கடைசியில் மூவரும் குளிர் அறைக்குப் போய் அன்றாட ஸ்டவுட் இருந்த டேங்க்கிலிருந்தே நேராகப் பிடித்துப் பார்த்தார்கள். புளித்தது. போன மாதம் அடைத்த பாட்டில் ஒன்றைத் திறந்தார்கள். சுத்தமான காப்பிக் கசப்பு. டேங்க்கின் வால்வைக் கழற்றியபோது ரப்பர் வாஷர் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலில் ஏதோ ஒரு கிருமி குடியேறியிருந்தது. நாக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. பழைய முறைப்படி காய்ச்சியது ஏன் புளிக்கவில்லை? குறிப்பேட்டைத் திரும்பப் புரட்டினாள். எவ்வளவு மால்ட், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இருந்தது. அந்தக் காலத்துப் பீப்பாய் மரத்துக்குள் எந்தக் கிருமி குடியிருந்து புளிக்க வைத்தது என்று மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை.

அண்ணி மெல்ல ஆரம்பித்தாள். கெட்டுப்போனதையே பழைய ஸ்டவுட் என்று ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, ருசியும் அதுதானே என்றாள்.

"அது பழுது அண்ணி," என்றாள் நாக்கு. "பழுதுக்கு என்னால அட்டை எழுத முடியாது."

அண்ணன் டேங்க்கின் வடிகாலைத் திறந்துவிட்டான். கறுப்பாய்ச் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றவள், கடைசியாக ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தாள். கெட்டதா, நல்லதா? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை, போன மாதத்துப் பாட்டில்களை வைத்து ஒப்பேற்றினார்கள். பழைய முறை ஸ்டவுட்டை எல்லோரும் ரசித்தார்கள். முன்வரிசையிலிருந்த பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் மட்டும் அந்தக் காலத்தில் அச்சாக இப்படியேதான் இருந்திருக்குமா என்று கேட்டார்.

நாக்கு கொஞ்சம் தயங்கினாள். "இல்லைங்க. கொஞ்சம் புளிச்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"எப்படிச் சொல்றீங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் காலணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வாரம் தெரியாம ஒரு டேங்க்கைக் கெடுத்துட்டோம்," என்றாள்.