சக்தியின் ஒல்லி டயர்கள்

“நம்ம வண்டிக்கு மட்டும் ஏம்ப்பா சின்னச் செருப்பு?”

ஐந்து வயது மகள் சோனியா ஒருமுறை இப்படிக் கேட்டது சக்தியின் மனதைவிட்டுப் போகவே இல்லை. மைசூரில் அவர்கள் தெருவில் பக்கத்து வீட்டு மஞ்சுநாத்தின் பிக்கப் அகலமான டயர்களோடு நின்றது. சக்தியின் பிக்கப்போ ஒல்லிச் சக்கரங்களின் மேல் நின்றது.

“கொக்கும்மா அது. மீன் பிடிக்கப் போவுது,” என்று மஞ்சுநாத் சிரித்தான்.

பதினோரு வருடம் அடுத்தவர் வண்டிகளை ஓட்டிய பிறகு சக்தி வாங்கிய சொந்த வண்டி அது. ஹனூர்ப் பக்கம் காட்டோரத் தோட்டங்களில் பறிக்கும் செவ்வந்தியை ஏற்றி, மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் சேர்ப்பான். மழை நாளில் அந்த மண்பாதையில் இறங்க மற்றவர்கள் தயங்குவார்கள். “சக்தி வண்டி வந்துடுச்சா?” என்று பூக்கடைக்காரர்கள் விசாரிக்கும்போது அவனுக்கு நெஞ்சு நிமிரும்.

1997 தசராவுக்குப் பத்து நாள் இருக்கையில் நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன. மண்டி மொஹல்லாவில் டயர் கடை வைத்திருந்த பசவராஜ் இரண்டு வகையை எடுத்துப் போட்டார். இரண்டிலும் ஆழமான பற்கள். ஒன்று ஒல்லி, ஒன்று அகலம்.

“ஒல்லியே போடு குரு,” என்றார், மைசூரில் நண்பனை அழைக்கும் விதமாக. “அகலம் மணல்ல மெதக்கும். உன் ரோடு சேறு. ஒல்லி சேத்தை வெட்டிட்டு அடியில கெட்டித் தரையைப் புடிக்கும்.”

“ஆயுத பூஜைக்கு எங்க தெருவுல எல்லா வண்டியும் வரிசையா நிக்கும் பசவண்ணா. ஜனங்க ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே போவாங்க.”

“பூஜை ஒரு நாள். ரோடு வருஷம் பூரா.”

“இந்த ஒரு தடவை அகலமே போடுங்க.”

பசவராஜ் அகலத்தையே மாட்டிக் கொடுத்தார். அகல டயர்களோடு வண்டி வீடு திரும்பியபோது சோனியா கைதட்டினாள். சக்தி அதை மூன்று முறை சுற்றிவந்து பார்த்தான்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு குடும்பங்களின் பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு சக்தி மதியமே தோட்டத்தைவிட்டுக் கிளம்பினான். சாயங்காலத்துக்குள் மார்க்கெட் சேராவிட்டால் அத்தனையும் குப்பைதான். வருடத்தில் பூவுக்கு நல்ல விலை கிடைப்பது அந்த இரண்டு நாள் மட்டும்.

அந்தப் பாதையில் மாட்டு வண்டிகள் காலங்காலமாக உழுத இரண்டு தடங்கள் உண்டு. பழைய டயர்கள் அதற்குள் இறங்கித் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். அகல டயர்கள் தடத்துக்குள் இறங்கவே இல்லை. விளிம்புச் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டே போயின. தார் ரோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வண்டி சரிந்து, ஓரப் பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியது.

அக்கம்பக்கத்திலிருந்து எட்டுப் பேர் ஓடிவந்து தள்ளினார்கள். சக்கரம் சுற்றியதே தவிர நகரவில்லை. “மைனர் டயரு சேத்துல எறங்க மாட்டேங்குது,” என்று ஒருவர் முணுமுணுத்தார். சக்தி தலை நிமிரவில்லை.

பாதையோர வீட்டுச் சாமியாத்தாள் தன் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். மழைச்சாரலைத் தடுக்கக் கட்டியிருந்த இரண்டு மூங்கில் தட்டிகளையும் அவிழ்த்து இழுத்துவந்தாள். சக்கரத்துக்கு அடியில் செருகினாள்.

“ஆத்தா, மாடு நனையுமே.”

“மாடு நனைஞ்சா காஞ்சுக்கும் கண்ணு. பூவு நேரத்துக்குப் போவலீன்னா பன்னண்டு ஊடு என்னத்தைப் பண்ணும்? மிதி.”

தட்டிகள் படபடவென்று நொறுங்கின. வண்டி மேலேறியது. நிறுத்தினால் மறுபடி வழுக்கும் என்று சக்தி நிறுத்தாமல் போனான். மாட்டின் முதுகில் சாமியாத்தாள் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்துவது கண்ணாடியில் தெரிந்தது. உதவியைக் கடவுள் எந்தக் கை வழியாக அனுப்புவார் என்பது நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை.

பூ நேரத்துக்குச் சேர்ந்தது.

மறுநாள் காலை சக்தி நான்கு டயரையும் பல் பல்லாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனான்.

“என்ன குரு, ஒரு மழையிலயே அகலம் கசந்துடுச்சா?” என்றார் பசவராஜ். ஆனாலும் திருப்பி எடுத்துக்கொண்டார். மணல் வண்டி ஓட்டுகிற ஒருவர் அகல டயர் கேட்டிருந்தாராம்.

ஆயுத பூஜையன்று வரிசையில் ஒல்லி டயர்களோடு சக்தியின் வண்டி நின்றது. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம், முகப்பில் செவ்வந்தி மாலை.

“மறுபடியும் கொக்கா குரு?” என்றான் மஞ்சுநாத்.

“கொக்குதான். அகலத்துல போயி பள்ளத்துல விழுந்தேன். ஒரு ஆத்தா மேல ஏத்திவிட்டாங்க.”

மஞ்சுநாத் குனிந்து ஒல்லி டயரின் பற்களைத் தடவிப் பார்த்தான். சக்தி கொஞ்சம் தள்ளிப்போய் நின்று தன் வண்டியைப் பார்த்தான். அந்தப் பாதையில் போய்வரும் வண்டி இப்படித்தான் இருக்க வேண்டும். அதைவிட அழகு அந்த வரிசையில் எதற்கும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரச் சந்தை நாளில், ஊரே சந்தைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, இரண்டு புது மூங்கில் தட்டிகளோடு சக்தி போனான். முந்தைய நாள் மழை பெய்திருந்தது. சக்கரங்கள் தடத்துக்குள் இறங்கி ஆடாமல் போயின. சாமியாத்தாள் வீடு பூட்டியிருந்தது.

தட்டிகளைக் கொட்டகையின் சாரல் பக்கம் நிறுத்தி, கயிற்றை இரட்டையாகப் போட்டுக் கட்டினான். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான். காத்திருந்தால் அவள் மோர் கொடுப்பாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்பாள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதவளிடம், திருப்பித் தந்ததை மட்டும் சொல்லிக்காட்டுவது சரியாகப்படவில்லை.

சந்தை பஸ் திரும்புவதற்குள் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.