மலையில்லாத தீவில் ஒரு குகை

நெடுந்தீவுக் கடற்கரை வாசிகசாலையில் 'இளைஞர் நாவல்' என்று எழுதி ஒட்டிய தட்டிலிருந்த புத்தகம் அத்தனையையும் மாக்கிறேற் வாசித்து முடித்திருந்தாள். அத்தனையையும் வெறுத்தாள். உயர்தரச் சோதினை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தீவில் வேறு பொழுதுபோக்கு இல்லை. மடியில் தகப்பன் சவிரிமுத்துவின் கிழிந்த வலை, பக்கத்தில் புத்தகம். எதைத் திறந்தாலும் நாலு பெடியன்களும் ஒரு நாயும். கூடவே ஒரு தங்கச்சி வருவாள். சாப்பாடு கட்டிக் கொடுப்பதும் வௌவாலைக் கண்டு வீரிடுவதும் தவிர அவளுக்கு வேலை கிடையாது.

எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம் வாசிகசாலைச் செயலாளர் வல்லிபுரம் ஒரு புதுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, யாழ்ப்பாணக் கச்சேரிக் கந்தோரிலை கிளாக்கரா இருக்கிற தியாகலிங்கம் எழுதினது. எங்கடை தீவிலைதான் கதை நடக்குதாம். ஞாயிற்றுக்கிழமை அறிமுக விழா. இளம் வாசகி எண்டு நீர் பத்து நிமிசம் கதைக்க வேணும்."

"வாசிச்சுப் பாத்துத்தான் சொல்லுவன், அண்ணை."

"வாசியும், வாசியும். ஆனா நல்லதாச் சொல்லும்."

'முத்துக்குகை வீரர்' என்று பெயர். ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்டாள். ஏழாம் பக்கத்திலேயே நெடுந்தீவில் ஒரு மலை எழும்பியது. மலையில் குகை, குகைக்குள் கள்ளக்கடத்தல்காரர். வீரர்கள் அவர்களைக் கயிற்றால் கட்டிப் பொலிசிடம் ஒப்படைக்க, இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக் கொடுக்கிறார். அந்த இடத்தில் மாக்கிறேற் வாய்விட்டுச் சிரித்தாள். குசினிக்குள் நின்ற தாய் செபஸ்தியம்மா எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

விழாவுக்கு அறுபது பேரளவில் வந்திருந்தார்கள். தியாகலிங்கம் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக முன் கதிரையில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் மாலை.

மாக்கிறேற் எழும்பி, கையில் தாளில்லாமல் பேசினாள்.

"இந்தத் தீவிலை ஆக உயரமானது பனைமரம். ஐயா மலையை எங்கையிருந்து கொண்டுவந்தவர் எண்டு தெரியேல்லை. ஏத்தின வள்ளம் பாரத்திலை கடலுக்குள்ளை தாண்டு போயிருக்கும்."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. வல்லிபுரம் தரையைப் பார்த்தார்.

"கடத்தல்காரரைப் பொலிசிட்டைக் குடுக்கினமாம். பொலிசைக் கண்டால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுறனாங்கள் எண்டு சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். இதிலை வாற வசந்தி நூற்றிருபது பக்கத்திலை பதினொரு தரம் கத்துறாள். நான் எண்ணினனான். ஐயா, எங்கடை பெடியள் பதினாறு வயசிலை வீட்டை விட்டுப் போறது புதையல் தேடியில்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. மாசி மாதம் அவளுடைய தம்பி கிறிஸ்தோப்பர் பள்ளிக்கூடப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு இயக்கத்துக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். தியாகலிங்கத்துக்குத் தெரியாது. அவர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"குற்றஞ் சொல்ல ஆருக்கும் ஏலும், தங்கச்சி. நீர் ஒண்டை எழுதி அனுப்பும். நானும் எண்ணிப் பாக்கிறன்."

இளக்காரமாகத்தான் சொன்னார். அந்த இளக்காரமே அவளைக் குத்தியது. அடுத்த நாளே ஒரு கொப்பியை எடுத்தாள். மூன்று கிழமை எழுதினாள். இரண்டாம் பக்கத்திலேயே அவளுடைய கதைநாயகியும் வீரிட்டபோது தன்னையே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. அந்தத் தாளைக் கிழித்தாள். பிறகு மலையும் வேண்டாம் நாயும் வேண்டாமென்று, கிழிந்த வலை பொத்தும் ஒரு பெண்ணையும் காலையில் எழும்பிப் பார்த்தால் தம்பியின் படுக்கை வெறுமையாயிருக்கும் ஒரு வீட்டையும் எழுதினாள். தாய் மூன்று நாள் அடுப்பு மூட்டாததை எழுதினாள். தகப்பன் ஒருவருக்கும் சொல்லாமல் வள்ளமெடுத்துப் போய்ப் பெருநிலத்தில் இயக்கத்தின் முகாம் முகாமாக விசாரித்ததை எழுதினாள். கடைசிப் பக்கத்தில் தம்பி பின்னேர லோஞ்சுப் படகில் வந்து இறங்கினான். கொப்பியை அப்படியே தபாலில் போட்டாள்.

புரட்டாதியில் கொப்பி திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டு. 'ஒருவரும் கத்தவில்லை. எண்ணினேன். முப்பது பக்கம் நான் எழுதியதைவிடத் திறம், சொல்ல எரிச்சலாயிருக்கிறது. ஆனால் முடிவு சுத்தப் பொய். போனவன் இப்படி வந்து இறங்குவானா? என்னுடைய மலையைவிட மோசம். மாற்றினால் ஒரு சஞ்சிகைக்குக் கொடுக்கலாம். தியாகலிங்கம்.'

அவர் சொன்னது சரியென்று அவளுக்குத் தெரியும். வேறொருவர் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை அவளே மேடையில் வைத்துக் கிழித்திருப்பாள். பேனையை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

"ஆரிட்டையிருந்து பிள்ளை கடிதம்?" செபஸ்தியம்மா ஓடிவந்து கேட்டாள். எந்தக் கடிதம் வந்தாலும் இப்போது அவள் ஓடிவருவாள்.

"கதை எழுதுற ஒராள், அம்மா."

தாய் திரும்பிப் போனபின் மாக்கிறேற் ஒரு தபாலட்டை எடுத்தாள். 'ஐயா, மற்ற எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாலும் மாற்றுவேன். அந்தப் பக்கத்தை மாற்ற ஏலாது. சஞ்சிகை வேண்டாம்.'

ஒப்பம் வைத்து, அடுத்த லோஞ்சில் கொடுத்தனுப்பினாள்.