ஏன் ஓடுது?

மெஷின் ஓடிவிட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடாமல் முரண்டு பிடித்த வாஷிங் மெஷின், பன்னிரண்டரை மணிக்கு மளமளவென்று கொட்டிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. இதற்கு முன் இரண்டு தடவை இந்த ரிப்பேர் கடையில் சரியாகி வீட்டுக்குப் போய், இரண்டு தடவையும் திரும்பி வந்த மெஷின் அது. ஒரு மணிக்குள் சரிசெய்தால் கடையில் எனக்கு வேலை என்று பேச்சு. வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுத் தொழில் படித்தவள் நான். "நம்ம மிக்ஸி ஆறு மாசமா ஆபரேஷன் டேபிள்லயே கெடக்குது" என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையேம்மா. பார்ட்டிக்கு போன் போட்டுடவா?"

தலையாட்டியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"ஓடுது சார். ஆனா ஏன் ஓடுதுன்னு தெரியல."

"ஓடுதில்ல, அப்புறம் என்ன?"

பம்பின் வடிகட்டியில் ஒரு சட்டைப் பொத்தான் கிடந்தது, எடுத்திருந்தேன். அதுதான் காரணம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் தம்மாத்தூண்டுப் பொத்தான் இவ்வளவு தண்ணீரை நிறுத்துமா? மனசு அரித்தது. மெஷினை நிறுத்தி, பொத்தானை எடுத்த இடத்திலேயே போட்டு, தண்ணீர் நிரப்பி ஓடவிட்டேன்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "சரியானதை யாராவது கெடுப்பாங்களா? மணியப் பாரும்மா."

பன்னிரண்டே முக்கால்.

பொத்தானோடும் ஓடியது! அப்படியானால் வேறு என்ன செய்தேன்? பிரிப்பதற்காகச் சுவரிலிருந்து முன்னால் இழுத்தேன், அவ்வளவுதான். மறுபடி தண்ணீர் நிரப்பி, மெஷினை முழங்காலால் முட்டிச் சுவரோடு தள்ளினேன். தண்ணீர் போகவில்லை. டிரம் அசையவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தால், தண்ணீர் வெளியேறும் குழாய் பழைய மடிப்பிலேயே மடங்கிக் கிடந்தது.

"நின்னுடுச்சு சார்!" என்று கத்தினேன். சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்று ஐந்து. மெஷின் நிறையத் தண்ணீர்.

"வீட்ல சுவத்தோட ஒட்டி வச்சதும் நாளைக்கே திரும்பி வந்திருக்கும்" என்று மெதுவாகச் சொன்னேன்.

முதலாளி மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஈரத் தரையில் என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"எங்க, இன்னொரு தடவை காட்டு."

இழுத்தேன். மடிப்பு மெல்ல விரிந்தது. குழாய்க்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு கிளம்பியது.