பூசையில் வைத்த கத்தி

செங்குட்டுவன் மெஷின் ஆயில் புட்டியோடு வடக்குத்து கிராமத்திலிருந்த வீட்டுக்குத் திரும்பியபோது, காயட்டும் என்று மதில்மேல் வைத்துவிட்டுப் போன கத்தியைக் காணவில்லை. உள்ளே அரிவாள்மணை, கடப்பாறை, சுத்தியல் வரிசையில் அதுவும் சாமி படத்துக்கு முன்னால் கிடந்தது. அலகில் மூன்று இடத்தில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நுனியருகே, அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சை மூடி. ஆயுத பூசை முடிந்திருந்தது.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்து, தீட்டி, ஆசிட்டில் முக்கிக் கருக்கிய கத்தி. ஆசிட்டில் குளித்த இரும்புக்குத் தோல் கிடையாது. ஆப்பசோடாத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மறுபடி ஈரம் தொடுமுன் எண்ணெய் பூசிவிட வேண்டும். கத்தி செய்யக் கற்ற மாலை வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எண் போட்டு எழுதி வைத்திருந்தான். போன மாதம் ஓட்டலுக்குக் கொடுத்த கத்தி மூன்றே நாளில் துருவேறித் திரும்பி வந்ததிலிருந்து, எதையோ விட்டுவிட்டோம் என்ற சந்தேகத்தில் அந்தப் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தான். இந்த முறை விட்டது, புட்டியில் எண்ணெய் தீர்ந்ததை முன்னாலேயே பார்க்காதது. பூசை நாளில் திறந்த கடையைத் தேடி டவுன்ஷிப் மெயின் பஜார் வரை போக வேண்டியதாயிற்று.

நாளைக் காலை எட்டரைக்குக் குள்ளஞ்சாவடியில் ஓட்டல் மாஸ்டர் பழனிசாமியிடம் காட்ட வேண்டும். பிடித்தால் மாதம் பத்துக் கத்தி. மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை முடிந்து இரண்டு மாதமாகிறது. வேறு வழி எதுவும் தென்படவில்லை. துரு மட்டும் வரக்கூடாது தம்பி, அப்புறம் ரசத்துக்கு நான் புளியே போட வேண்டியதில்லை என்று பழனிசாமி சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். இதுவே கடைசித் தடவை என்பதையும் அதே சிரிப்போடு சொன்னார்.

கத்தியை எடுக்கக் குனிந்தான். அம்மா செங்கமலம் அடுப்படியிலிருந்து வந்து குறுக்கே நின்றாள்.

“காலையில எடுத்துக்க.”

“தொடச்சி எண்ணெ தடவிட்டு அங்கியே வெச்சுடறம்மா.”

“ஒங்கப்பாவும் அங்கியே வெச்சுடறன்னுதான் ஸ்பானரத் தூக்கிக்கினு போனாரு.”

அந்த வருஷம் பூசை நாளன்று அரிசி மில் பெல்ட் அப்பாவின் வலது கையை முழங்கையோடு வாங்கிக்கொண்டது. வாசல் கட்டிலில் அப்பா சிங்காரவேல் எதுவும் காதில் விழாதவர்போல் இடது கையால் பொரி அள்ளித் தின்றுகொண்டிருந்தார்.

செங்குட்டுவன் புட்டியை ஜன்னலில் வைத்தான். அவனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. ஆனால் நாளை பஸ்ஸில் ஒரு கீறல் பட்டாலும் அம்மா அதை இந்த மாலையோடு முடிச்சுப் போட்டுவிடுவாள். பிறகு ஆயுசுக்கும் தூங்கமாட்டாள். சந்தனத்தின் ஓரம் அதற்குள் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. துருவாக இருக்காது, குங்குமம் கரைந்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

காலையில் எழுந்தபோது சாமி படத்துக்கு முன்னால் கத்தி இல்லை. பின்கட்டு அடிகுழாயடியில் அம்மா குத்துக்காலிட்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், புளியும் சாம்பலும் வைத்து. பொட்டு வைத்த இடமெல்லாம் துருவாகிப் போனதை அவனுக்கு முன்னாலேயே எழுந்து பார்த்திருக்கிறாள். அவன் ஏற்றிய கருமை, புளி பட்ட இடமெல்லாம் உரிந்து, அலகு திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. மறுபடி ஆசிட்டில் முக்கிக் கருக்க எட்டரைக்குள் நேரமில்லை.

“குத்துவிளக்காட்டம் தேச்சிட்டன். பாரு, துளி துரு இல்ல” என்று நீட்டினாள். அவள் விரல்கள் கறுத்திருந்தன.

“நல்லாருக்கும்மா.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இன்னும் ஒரு இடம் பாக்கி என்று மறுபடி புளியைப் பிசைந்தாள். அவன் குழாய்க் கைப்பிடியைப் பிடித்து அடிக்கத் தொடங்கினான். பொங்கி விழுந்த தண்ணீரில் அவள் கத்தியைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.