அறுபடாமல் வந்த நூல்

மணி செத்தபோது நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஏழு வருஷம் எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்ற நாய் கண்ணெதிரே மூச்சுக்குத் தவித்தது. தண்ணீர் கொடுக்கலாமா, தூக்கலாமா என்றுகூடத் தெரியாமல் அழுதேன். அன்றைக்கு என் மேலேயே எனக்கு வந்த கோபம் ஒரு வருஷமாகியும் இறங்கவில்லை. அடுத்து லட்டு என்ற குட்டி வீட்டுக்கு வந்தது. ஒலிமுகமதுபேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் நிக்கத் டாக்டர், ‘வீட்டு நாய்களுக்கு முதலுதவி, நான்கு ஞாயிறு வகுப்பு’ என்று வாட்ஸ்அப்பில் போட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் வேலாயுதம் தறியில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

“நாய்க்கு நர்ஸ் வேலைக்குப் போறியா இளவரசி?”

“ஆமா. உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னாலும் சொல்லுங்க, வந்து ஊசி போடறேன்.”

பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தி புதிதாக ஒன்றைச் செய்தால் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். முதல் வாரம் கற்றதை மறக்கக் கூடாது என்று தலையணையை மூச்சு நின்ற நாயாக நினைத்துப் பக்கவாட்டில் போட்டு, முப்பது தடவை அமுக்கி, இரண்டு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுச் சின்னப்பையன் (பெயர்தான் அப்படி, ஆளுக்கு ஐம்பத்தைந்து வயசு) தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் பால் வாங்கப் போனால், “தலகாணி பொழச்சிக்கிச்சாமா?” என்று கேட்கிறார்கள். பிழைத்துக்கொண்டது, உங்களை நலம் விசாரித்தது என்றேன். எனக்கும் வாய் இருக்கிறது.

யார் சிரித்தாலும் நான் விடுவதாக இல்லை. தினமும் லட்டுவின் பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி எண்ணினேன். உதட்டைத் தூக்கி ஈறை அமுக்கி, வெளுத்த இடம் எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று பார்த்தேன். அது என்னை ஒரு பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் காட்டியது.

மூன்றாவது ஞாயிறு டாக்டர் நூலைப் பற்றிப் பேசினார்.

“நம்ம ஊர்ல தறியில ஏத்தறதுக்கு முன்னால பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டுத் தெருவுல காய வைக்கறோம். அந்த வாசனைக்கு நாய் நூலை முழுங்கிடுது. ஒரு முனை உள்ள எங்கியாவது மாட்டிக்கும். மீதி குடலுக்குள்ள போய்க்கினே இருக்கும். பாவாடை நாடாவ இழுத்தா துணி சுருங்குதுல்ல, அந்த மாதிரி குடல் சுருங்கிக்கும். அப்ப நூலை இழுத்தீங்கன்னா அது குடலை அறுத்துடும். வாயில தெரிஞ்சாலும் சரி, பின்னால தெரிஞ்சாலும் சரி, இழுக்காதீங்க. நேரா டாக்டர்கிட்ட வாங்க.”

போன வருஷம் மணிக்கும் பின்னால் இப்படித்தான் நூல் தொங்கியது. வேலாயுதம்தான் இழுத்தார். அவசரமில்லாமல், ஒரு முழத்துக்கு மேல், அறுபடாமல் எடுத்தார். நானும் பக்கத்தில் நின்று, “இந்தக் கைக்கு எதுவும் வரும்” என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டாம் நாள் மணி போய்விட்டது. யாரோ விஷ மருந்து வைத்துவிட்டார்கள் என்று அவர் தெருவில் நின்று கத்தினார். அதன் பிறகு மூன்று நாள் அவர் சோறு தொடவில்லை.

வீட்டுக்கு வந்து, நூல் தெரிந்தால் இழுக்கக் கூடாதாம் என்று பொதுவாகத்தான் சொன்னேன்.

“எனுக்கே நூல் இழுக்கக் கத்துத் தர்றியாமா? முப்பது வருஷமா இன்னா பண்ணிக்கினு இருக்கறேன்?” என்றார்.

மணியைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷன் அதைத் தாங்கமாட்டார் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு.

புதன்கிழமை காலை எதிர்வீட்டுப் பாவு தெருவில் காய்ந்தது. பத்து மணி வாக்கில் லட்டு இரண்டு தடவை வாந்தி எடுத்தது. நான் அடுக்களையிலிருந்து வருவதற்குள் வேலாயுதம் அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார். லட்டுவின் வாயோரத்தில் மஞ்சள் பட்டு நூல் தொங்கியது. அதை அவர் ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. சின்னப்பையன் லட்டுவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இழுக்காதீங்க!”

“நீ சும்மா இரு. அறுக்காம எடுத்துடுவேன்.”

“எடுத்துருப்பா, ஒண்ணியும் ஆவாது” என்றார் சின்னப்பையன்.

நான் வேலாயுதத்தின் மணிக்கட்டைப் பிடித்தேன். உதற முயன்றார். நூல் விறைத்தது. லட்டு குமட்டியது. டாக்டர் சொன்னதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அவருக்கு அவர் கைமேல் இருந்த நம்பிக்கையை உடைத்தால்தான் அந்த விரல் அவிழும். அதற்கு என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

“மணிக்கு யாரும் மருந்து வெக்கல. நீங்க இழுத்துதான் அது செத்துது.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விரல் அப்படியே நின்றது.

“சுத்தினத அவுருங்க. மெதுவா. அவ்ளோதான்.”

அவிழ்த்தார். சின்னப்பையன் பால் ஊற்றலாமா என்றார், வேண்டாம் என்றேன். கடித்துவிடப் போகிறது, வாயைக் கட்டலாமா என்றார். வாந்தி எடுக்கிற நாய்க்கு வாய் கட்டினால் மூச்சு முட்டிப்போகும், போய் ஆட்டோ பிடியுங்கள் என்று விரட்டினேன். தொங்கிய நூல் எதிலும் மாட்டாமல் பார்த்துக்கொண்டே லட்டுவைத் துப்பட்டியில் ஏந்தினேன். ஈறு இன்னும் சிவப்பாக இருந்தது. வழியெல்லாம் நாடியை எண்ணினேன். எண்ணிக்கை தப்பும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டு மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. நூலின் ஒரு சிக்கு நாக்கடியில் மாட்டியிருந்ததாம், மறுமுனை குடலுக்குப் போய்விட்டதாம். நிக்கத் டாக்டர் வெளியே வந்து, “குடல் அறுபடல அக்கா. பொழச்சிக்கும். யாரும் இழுக்காம விட்டதாலதான்” என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலாயுதம் வாசலில் நின்றிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. லட்டுவைப் பார்க்கத் தினமும் கிளினிக்குக்குப் போய் வந்தார், ஆனால் தொடவில்லை என்று டாக்டர் சொன்னார். கொன்றவர் என்று ஒரு மனுஷனைப் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் சொன்னவள் நான். மறுபடியும் அந்த நிலைமை வந்தால் மறுபடியும் சொல்வேன். அதற்காக எனக்கு வலிக்கவில்லை என்று இல்லை.

நான்காவது ஞாயிறு வகுப்பில் லட்டுவின் கதையை என்னைச் சொல்லச் சொன்னார் டாக்டர். மணியை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார்.

“நாங்களும் தறிக்காரங்கதான் டாக்டர். மத்தவங்க மாதிரி வெடுக்குனு இழுக்கமாட்டோம். கை பதம் தெரியும். மெதுவா இழுத்தா இன்னா ஆயிடப் போவுது?”

டாக்டர் பதில் சொல்வதற்குள் கதவுப் பக்கம் ஒரு குரல் கேட்டது. வேலாயுதம். எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நானும் மெதுவாத்தான் இழுத்தேம்பா. ஒரு முழம், அறுபடாம முழுசா வந்துது. ரெண்டாம் நாள் என் நாய் செத்துப்போச்சு.”

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். நான் பாயில் நகர்ந்து வேலாயுதத்துக்கு இடம் விட்டேன்.