நாற்பத்தேழின் ருசி

நாற்பத்தேழாம் வருடத்து பலொம்பியேர் ஒயினை அடையாளம் காட்டக்கூடிய நாக்கு உலகத்தில் ஒன்றுதான் மிச்சம், அது என்னுடையது என்று ஏலக்காரர்கள் சொல்வார்கள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. பலொம்பியேர் எங்கள் தோட்டம். பிரான்சில் இந்தப் பொமெரோல் பக்கத்தில் எல்லாமே சின்னத் தோட்டம்தான், அதிலும் எங்களுடையது கைக்குட்டை அளவு. ஆனால் அந்த ஒரு வருடம் என் தாத்தா இறக்கிய ஒயின் இன்று ஒரு வீட்டின் விலைக்குப் போகிறது. அதைக் குடிக்க யாரும் வாங்குவதில்லை. பூட்டி வைக்க வாங்குகிறார்கள்.

பூட்டி வைத்தாலும் தக்கை சும்மா இருக்காது. வயதானால் சுருங்கும், ஒழுகும். அதனால் பழைய பாட்டில் வைத்திருப்பவர்கள் அதைப் பிறந்த வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் தக்கையைப் பிடுங்கி, ஒரு வாய் ருசி பார்ப்பேன். அசல் என்றால் எங்கள் பெயர் பொறித்த புதுத் தக்கை அடித்து, கையெழுத்துப் போட்டுத் தருவேன். இல்லையென்றால் பெயர் பொறிக்காத மொட்டைத் தக்கை. மொட்டைத் தக்கை வாங்கிய பாட்டிலை அப்புறம் ஏலத்தில் எவனும் சீந்தமாட்டான்.

என் மேஜைக்கு வந்த நாற்பத்தேழில் ஒன்றுக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. எல்லாமே போலி. ஒருவர் கெஞ்சினார், ஒருவர் வக்கீலை அழைத்து வந்தார், ஒருவர் என் முகத்துக்கு நேரே சூனியக்காரி என்றார். நான் அசைந்து கொடுக்கவில்லை. ‘ஒதெத் போலி என்றால் போலிதான்’ என்று என் பெயர் லண்டன்வரைக்கும் பேச்சாகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

போன வசந்தத்தில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்திலிருந்து மதாம் ஃபெர்லிண்டன் என்று ஒரு விதவை வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, மடியில் துண்டில் சுற்றிய பாட்டில். லேபிளில் எங்கள் பெயருக்குக் கீழே பெல்ஜிய வியாபாரி ஒருவரின் பெயர். அதைப் பார்த்ததுமே எனக்கு இளக்காரம். ருசி பார்த்தேன். மெலிசாக இருந்தது. ஈர இலை வாசனை, கொஞ்சம் இரும்பு, கடைசியில் ஏதோ ஒரு பூ. நான் அறிந்த நாற்பத்தேழு அப்படியா இருக்கும்? அது காய்ந்த பிளம் பழத்தைப் பாகில் போட்டதுபோல வாயை நிறைக்குமே!

“மதாம், உங்கள யாரோ ஏமாத்திட்டாங்க,” என்றேன்.

“யாரும் ஏமாத்தலம்மா. என் மாமனார் உங்க தாத்தாகிட்ட பீப்பாயா வாங்கிட்டுப் போய் அவர் கையால பாட்டில்ல அடைச்சது. என் வீட்டுக்காரர் சாகும்போதுகூட சொன்னாரு, அந்த ஒண்ணு அசல், கஷ்டம் வந்தா வித்துக்கோன்னு.”

“அப்ப உங்க மாமனார் பொய் சொல்லியிருக்கணும். இல்லன்னா உங்க வீட்டுக்காரர்.”

அப்படித்தான் சொன்னேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். “அவர் பொய் சொல்ல மாட்டாரே,” என்றார். பிறகு பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மொட்டைத் தக்கைகூட வேண்டாம் என்றார்.

நான் அதைச் சமையலறைக்கு எடுத்துப்போய், மூலையில் இருக்கும் வினிகர் பீப்பாயில் கவிழ்த்தேன். இந்த ஊரில் மிச்சமான ஒயின் எல்லாம் அங்கேதான் போகும். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திராட்சை அறுப்பு முடிந்து, தோட்டம் ஓய்ந்து கிடந்த ஒரு வியாழக்கிழமை, சூரிச்சிலிருந்து ப்ரூனர் வந்தார். மருந்துக் கம்பெனி வைத்து, விற்று, இப்போது ஒயின் சேர்ப்பது மட்டுமே வேலையாக இருப்பவர். பாட்டில் உறங்கிய பெட்டியை அவர் திறந்த விதத்தைப் பார்த்தால் உள்ளே கைக்குழந்தை இருக்கிறது என்று நினைப்பீர்கள்.

“மதாம், நீங்க கடுமைன்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க,” என்றார்.

“பயந்துதான் ஆகணும் முசியே. உக்காருங்க.”

தக்கையைப் பிடுங்கினேன். கிண்ணத்தில் ஒரு விரற்கடை ஊற்றி வாயில் வைத்தேன்.

வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதேதான். பாகில் போட்ட பிளம், அதன் பின்னால் கறுப்பாக ஏதோ ஒன்று, தொண்டையில் இறங்கும்போது ஒரு இனிப்புச் சூடு. என் முதல் நற்கருணை விருந்தில் பதினோரு வயதில் அப்பா ஒரு மிடறு கொடுத்தாரே, அது. என் கல்யாணத்தில் குடித்தேனே, அது. என் மகள் லெயாவின் ஞானஸ்நானத்தில் கடைசியாகக் குடித்தேனே, அதேதான். எத்தனை வருடமாகக் காத்திருந்தேன், ஒன்றாவது இப்படி வராதா என்று!

“அசல்,” என்றேன்.

ப்ரூனர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், இருந்தும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே புதுத் தக்கையை எடுத்தேன். அடிப்பதற்கு முன்னால் பாட்டிலைத் துணியால் துடைத்தேன். பாட்டிலின் தோள்பட்டையில் விரல் ஒரு மேட்டில் இடறியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு காற்றுக் குமிழ். உருண்டைத் தலை, வளைந்த வால். தலைப்பிரட்டை.

கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தலைப்பிரட்டையை எனக்குத் தெரியும். ஞானஸ்நான விருந்தில் லெயா மடியில் அழுதுகொண்டே இருந்தாள். அவள் விரலைப் பிடித்து இந்தக் குமிழின் மேல் வைத்துத்தான் விளையாட்டுக் காட்டினேன். அவள் அழுகை நின்றது. பிறகு அப்பா காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். காலி பாட்டில் திருடன் கைக்குப் போனால் போலி ஒயினாகத் திரும்பி வரும், அதனால் நாற்பத்தேழைக் குடித்தால் அன்றைக்கே உடைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். கல்லில் பட்டு அது சிதறிய சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

உடைந்த பாட்டில் என் கையில் இருந்தது. முழுசாக. நிறைய ஒயினோடு.

“ஒரு நிமிஷம் முசியே,” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அப்பா சமையலறையில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் சூப் கொதித்தது.

“அப்பா, லெயா ஞானஸ்நானத்தன்னிக்கு நாப்பத்தேழு பாட்டில உடைச்சீங்கல்ல?”

“உடைச்சேன்.”

“அது இப்ப என் மேஜை மேல நிக்குது.”

அப்பா கையிலிருந்த வால்நட்டைக் கீழே வைத்தார்.

“டாக்டர் தெய்சியே செத்துட்டாரா?” என்று கேட்டார்.

தெய்சியே பக்கத்து ஊரான லிபூர்னில் எங்கள் அம்மாவின் கடைசிக் காலத்தில் வைத்தியம் பார்த்தவர்.

“அவர் ஒரு தடவை கேட்டாருடி. உங்கம்மாவுக்காக ஞாயித்துக்கிழமைகூட பாக்காம ஓடி வந்த மனுஷன். ஒரே ஒரு நாப்பத்தேழு குடு அர்மான்னாரு. இல்லன்னு எப்படிச் சொல்றது? கலந்து, அந்தப் பாட்டில்லயே அடைச்சுக் குடுத்தேன். குடிச்சுடுவாருன்னு பாத்தேன். அந்தாளும் பூட்டி வச்சுட்டாரு போல. பிள்ளைங்க வித்திருக்கும்.”

“கலந்தா? எதைக் கலந்து?”

“நம்ம அறுபத்தொண்ணாம் வருஷத்து ஒயின் முக்கால் பங்கு. காஓர்ப் பக்கத்துக் கறுப்பு ஒயின் கொஞ்சம். இனிப்புக்கு ஒரு கரண்டி போர்ட் ஒயின்.”

“அப்ப லெயா ஞானஸ்நானத்துல குடிச்சது?”

“அதுவும் அதுதான்.”

“என் கல்யாணத்துல?”

அப்பா தலையை ஆட்டினார்.

“என் முதல் நற்கருணையிலயும்? அப்பா, என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

“எங்கப்பன் மொத்தத்தையும் பீப்பாயோட பெல்ஜியக்காரனுக்கு வித்துட்டாரு. அது இவ்வளவு விலைக்குப் போகும்னு அப்ப யாருக்குத் தெரியும்? வீட்டுல ஒரு பாட்டில்கூட கிடையாது. லேபிள் அச்சடிச்சது மட்டும் கட்டுக்கட்டா மிச்சம் இருந்துச்சு. ஒயின்தான் இல்ல.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “உலகமே தேடுற ஒயினு, செஞ்ச வீட்டுல இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்? எனக்கு ஒன்பது வயசுல பீப்பாயில விரல விட்டு நக்குனதுதான். அந்த ஞாபகத்த வச்சு அளவு போட்டேன். அந்த வருஷத்துப் பாட்டில்னு கொல்லையில ஒண்ணே ஒண்ணு கிடந்துச்சு. அதைத்தான் ஒவ்வொரு தடவையும் கழுவிக் கழுவி வச்சுக்கிட்டேன். உடைச்சதெல்லாம் தண்ணி பாட்டிலு.”

ஒன்பது வயசுப் பையனின் நாக்கு. சர்க்கரையைத் தவிர வேறு எது அதற்கு ஞாபகம் இருக்கும்? அந்த இனிப்பை என் வாயில் ஊற்றி வளர்த்திருக்கிறார். அந்த இனிப்பு இல்லாததையெல்லாம் நான் போலி என்று துரத்தியிருக்கிறேன். லண்டன்வரைக்கும் பேர் வாங்கிய கண்டிப்பு இதுதானா? என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் மூலையிலிருந்த வினிகர் பீப்பாய் கண்ணில் பட்டது.

“அந்த கெண்ட் அம்மா...” என்றேன். “பீப்பாயா வாங்கினோம்னு சொன்னாங்களே. அது?”

“அதுதான் அசலு.”

“நான் கவுத்தப்போ இங்கதானே உக்காந்திருந்தீங்க!”

“நீ அவ்வளவு நிச்சயமா சொன்ன. உன்னை நடுவுல நிறுத்தி, உன் நாக்கு நான் செஞ்ச பொய்யில வளந்ததுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

“அந்தம்மா புருஷன் பொய்யன்னு சொல்லி அனுப்பினேன் அப்பா! அவர் செத்துப் போனவரு. திரும்பி வந்து இல்லன்னு சொல்ல முடியாது.”

நான் கத்தியது முன்னறைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது.

திரும்பிப் போனபோது ப்ரூனர் எழுந்து நின்றிருந்தார்.

“முசியே, இது போலி.”

“இப்பத்தானே அசல்னீங்க! கண்ணுல தண்ணி வந்துச்சு உங்களுக்கு, நான் பாத்தேன்!”

“வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச நாப்பத்தேழு இதுதான். அதனாலதான் போலி.”

அவர் விழித்தார். என் பின்னால் அப்பா வந்து நின்றார், ஏப்ரனில் வால்நட் தூசி. “நான் செஞ்சது முசியே,” என்றார். பிறகு, பாவி மனுஷன், அடக்கமாட்டாமல் கேட்டார்: “இத்தன வருஷம் கழிச்சு எப்படி இருக்கு?”

ப்ரூனர் முகம் வெளுத்துவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், தெய்சியேயிலிருந்து தண்ணீர் பாட்டில்வரை. அவருடைய பாட்டிலைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

“அப்ப நீங்க வேணாம்னு தள்ளினதெல்லாம்?” என்றார்.

“அசலா இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்கு அசல் எதுன்னே தெரியாது முசியே.” அதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது.

“மணி பன்னண்டரை. சூப் ஆறுது,” என்றார் அப்பா. என்ன இடி விழுந்தாலும் வந்தவரைச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே அனுப்புகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ப்ரூனரும் எதுவும் தோன்றாமல் எங்கள் பின்னால் வந்தார்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா வழக்கம்போல சூப்பின் கடைசியில் சாப்பாட்டு ஒயினை ஊற்றி, தட்டைத் தூக்கிக் குடித்தார். அப்புறம் கீரை சாலட், அப்பா உடைத்த வால்நட், நான் காலையில் பீப்பாயிலிருந்து பிடித்து வைத்த வினிகர். எனக்கு இறங்கவில்லை. ப்ரூனர் ஒரு வாய் எடுத்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

“மன்னிக்கணும் மதாம், இந்த நேரத்துல இதைக் கேக்கக்கூடாது. ஆனா இந்த மாதிரி வினிகர் நான் எங்கயும் சாப்பிட்டதில்ல. கடைசியில ஏதோ பூ வாசனை வருதே, என்ன அது?”

அப்பா முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“அது நாப்பத்தேழு,” என்றார்.

ப்ரூனர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அப்பா என் பக்கம் திரும்பினார். “அந்தம்மா நம்பர் இருக்கா?”

“இருக்கு.”

“போட்டுக் குடு. நீ பேசாத. நான் பேசுறேன்.”

போட்டுக் கொடுத்தேன். கெண்ட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். போனில் பேச அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

“மதாம், பலொம்பியேர்லேருந்து அர்மான் பேசுறேன். ஒதெத்தோட அப்பன். உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல, மதாம்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, அதையே இன்னொரு தரம் சொன்னார்.