மெத்தைக்கடைப் பக்கத்தில் தெரியாத வரிகள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. தலையணை வாங்கப் போன மெத்தைக்கடையில் விலையைக் குறைக்கச் சொன்னேன். கடைக்காரி குறைக்காமல், "வேணும்னா என் கதை ஒண்ணு சொல்றேன்" என்றாள். கொசுறாக வந்த சரக்கு. தையல் பிரிந்திருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

நான் எழுதிய முதல் வரி இப்படி: "கணினித் திரையின் நீல ஒளியில் அவள் விரல்கள் நடனமாட..."

அடச்சே. மெத்தைக்காரி ஒற்றை விரலால் தட்டினாள். தட்டுக்கு ஒரு வசவு.

2

கடைக்கு இணையப் பக்கம் வேண்டும் என்றதும் கொழுந்தன் சொன்னான்: "அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க அண்ணி. உங்களுக்கு எதுக்கு வேண்டாத வேலை?"

போதாதா? இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்லைக் கையாலேயே எழுதச் சொல்லித்தரும் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெரிய ஆர்டர் வந்தால் கடை அவள் பொறுப்பு, வராவிட்டால் கொழுந்தன் பொறுப்பு என்று வீட்டில் முடிவாயிற்று.

தலைப்புக்குக் குறி போட்டுத் திறந்தால் மூடும் குறியும் போட வேண்டும், பத்திக்கும் அப்படியே. ஒன்றை மூட மறந்தாள். கடை முகவரி வரைக்கும் எல்லாம் கொட்டை எழுத்தில் வந்து நின்றது.

"எத்தனை கதவைத்தான் மூடறது இந்த வீட்ல!"

(இங்கே அவளை அழ வைத்திருந்தேன். "நான் எங்கே அழுதேன்? கீபோர்டைத்தான் அறைஞ்சேன்" என்கிறாள். சரி, எடுத்துவிட்டேன்.)

3

வகுப்பில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஆச்சரியக்குறியும் கோடுகளும் போட்டு அதற்குள் எழுதினால், அந்த வரி பக்கத்தில் தெரியாது. எழுதுகிறவர் தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்பு. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு மெத்தைப் படத்துக்கும் கீழே மனசில் இருந்ததைக் கொட்டினாள்.

"ராஜா மெத்தை: ஓரத்தில் உட்கார விடாதே, சரியும்."

"முழுப் பஞ்சு என்று சொல். பாதி கிழிசல் துணி."

"பச்சைப்பூ: மேல்துணி அசிங்கம், உள்ளே தங்கம். எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

4

மாணவர் விடுதி நடத்துகிறவர் போன் செய்தார். விடுதி முழுக்க மெத்தை மாற்ற வேண்டுமாம்.

"பக்கம் நல்லா இருக்கும்மா. நானும் எங்க விடுதிக்கு ஒண்ணு எழுதப் பழகறேன். அதான் நீங்க எப்படி எழுதியிருக்கீங்கன்னு உள்ளே திறந்து பார்த்தேன்."

"உள்ளேன்னா?"

"எந்தப் பக்கத்தையும் அப்படித் திறக்கலாமே. எழுதினது எல்லாமே தெரியும். வகுப்புல சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள். அப்போது அவள் ராஜா மெத்தைக்கு வரி யோசித்துக்கொண்டிருந்தாள்.

5

நான் எழுதிப் பார்த்த முதல் முடிவு: விடுதிக்காரர் அவள் நேர்மையைக் கண்டு உருகி ஆர்டர் தருகிறார். (வியாபாரிகள் நடுவே வளர்ந்தவன் நான். உருகி வாங்கிய ஒருத்தரையும் பார்த்ததில்லை.)

இரண்டாவது: கொழுந்தன் சிரித்தபடி கடைச் சாவியை வாங்கி... (அந்தச் சிரிப்பை எழுத எனக்கே பொறுக்கவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். விடுதிக்காரர் வந்தார். வேண்டுமென்றே ராஜா மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். சரிந்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "அந்தப் பச்சைப்பூ எங்கேம்மா?" என்றார்.

"அது நிஜமாவே நல்ல மெத்தை சார்."

"நான் திறந்து பார்ப்பேன்னு தெரிஞ்சே எழுதினதா இருந்தா?"

கடைக்காரி கதையை இதோடு நிறுத்திவிட்டாள்; இதற்கு அவளை நான் என்ன பதில் சொல்ல வைப்பது? எழுதி எழுதி அடித்தேன். சத்தியம் செய்ய வைத்தால் நடிப்பு, கோபப்பட வைத்தால் அதைவிட நடிப்பு. என்னால் ஆகாது. இனி விடுதிக்காரர் நீங்கள்தான். பச்சைப்பூ விரிந்து கிடக்கிறது. கொழுந்தன் வாசலில் நிற்கிறான். அவள் மெத்தைச் சுருக்கத்தை நீவிவிடுகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்து, உங்கள் முதுகு என்ன சொல்கிறதோ அதை அவளிடம் சொல்லுங்கள். அப்புறம் பிடிக்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள். விற்ற முடிவு திரும்ப எடுக்கப்படமாட்டாது.